தபாலில் சொன்ன கலியாணம்

ஸ்கீவ
10.3.1986

தம்பி சிவபாலன்,

உடன்பிறந்த அண்ணனுக்கு நீ தபாலில் கலியாணம் சொல்லியிருக்கிறாய். இது பிழை. சுகம் விசாரிக்க முதல் இதைச் சொல்லிவிட வேண்டும் என்பதால் முதல் வரியிலேயே எழுதுகிறேன். இனி விசாரிக்கிறேன்: நீயும் யோகம்மாவும் பிள்ளை விமலராணியும் சுகமா? நான் சுகம். இங்கே பனி இன்னும் கரையவில்லை.

இன்று பதினொரு மணிக்குத் தபாற்காரி ஒரு உறையைக் கதவு ஓட்டைக்குள்ளால் போட்டாள். உள்ளே அழைப்பிதழ். விமலராணிக்கும் இக்காஸ்டில் துணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகேந்திரராசாவுக்கும் யூன் மாதம் 7ஆம் திகதி சனிக்கிழமை, அல்பர்ட்ஸ்லுண்ட் பாடசாலை மண்டபத்தில் திருமணம். படித்த உடனே கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். எங்கள் பிள்ளைக்குக் கலியாணம்! இரண்டு நிமிடம் அறைக்குள் சந்தோஷத்தில் மேலும் கீழும் நடந்தேன். மூன்றாவது நிமிடம்தான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். முத்திரை. தட்டச்சில் அடித்த என் பெயர். அழைப்பிதழுக்குப் பின்னால் உன் கையெழுத்தில் ஒரு வரி: "அண்ணை, நேரில் வர நேரமில்லை. குறை நினைக்க வேண்டாம்."

குறைதான் நினைக்கிறேன்.

அச்சடித்த அழைப்பிதழ் பிறத்தியாருக்கு. சொந்தக்காரருக்கு, புருசனும் பெண்சாதியுமாக, தட்டத்தில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் கொண்டு, வீடு தேடிப் போய், வாயால் சொல்ல வேண்டும். உன்னுடைய கலியாணத்துக்கு நான் மழைக்குள் போய்ப் பதினாறு வீட்டுக்குச் சொன்னவன். எங்களோடு கதைபேச்சு இல்லாத வீட்டிலும் படலையில் நின்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். டென்மார்க்குக்கு வந்தால் இந்தச் சட்டம் மாறிவிடுமா?

வாயால் சொல்லாத கலியாணத்துக்கு நான் வரமாட்டேன். போனில் சொல்லலாம் என்றும் நினைக்காதே. என்னிடம் போன் இல்லை. இருந்தாலும் எடுக்கமாட்டேன், போனில் சொன்னதை நாளைக்கு இல்லை என்று சொல்லலாம்.

யோகம்மாவின் இடுப்பு நோ எப்படியென்று எழுது.

உன் மூத்தவன்,
தேவராசா


அல்பர்ட்ஸ்லுண்ட்
18.3.1986

அன்புள்ள அண்ணை,

உங்கள் சுகம் அறிந்து ஆறுதல். நாங்களும் சுகம். யோகம்மாவின் இடுப்பு, குளிர் குறையக் குறையும் என்கிறார்கள்.

கோபிக்க வேண்டாம். உண்மையிலேயே எனக்கு இங்கே மூச்சு விட நேரமில்லை. காலையில் ஒரு அலுவல், அது முடிய இன்னொரு அலுவல், பின்னேரம் ஆட்கள் வருவார்கள். சனி ஞாயிறு அதைவிட மோசம். இதற்கிடையில் மண்டபம், சமையல், நகரசபைப் பதிவு. கொப்பனேகன் பக்கத்து வாழ்க்கை அப்படி. ஸ்கீவவுக்கு வந்து போக ஒரு முழு நாள் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. தீபாவளிக்கு வரட்டோ என்று நான் எழுதினேன். நேரமில்லை என்று பதில் போட்டீர்கள். நத்தார் விடுமுறைக்குக் கேட்டேன். சங்க வேலை என்றீர்கள். பொங்கலுக்கும் அப்படித்தான். பிழையாகச் சொல்லவில்லை. அவ்வளவு பொறுப்போடு இருக்கிற மனிதரை என் சொந்தக் காரியத்துக்காக ஒரு நாள் மினக்கெடுத்தக்கூடாது என்றுதான் தபாலில் போட்டேன்.

கலியாணத்துக்கு அந்த ஒரு நாளையாவது எப்படியும் ஒதுக்க வேண்டும்.

அன்புத் தம்பி,
சிவபாலன்


ஸ்கீவ
20.3.1986

தம்பி சிவபாலன்,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. இன்றே பதில் எழுதுகிறேன். நான் சுகம், உங்கள் மூவரின் சுகத்துக்கும் குறைவு வரக்கூடாது.

"ஒரு அலுவல், இன்னொரு அலுவல்" என்று எழுதியிருக்கிறாய். அலுவலுக்குப் பெயர் இல்லையா? எங்களுடைய ஆட்களுக்கு இந்த நாட்டில் வந்த வருத்தம் இது. டெனிஷ் மொழியில் முதலில் பாடமாக்கிய சொல் 'ட்ராவ்ல்ட்'. அவசர வேலையாம். போன கிழமை இங்கே நிக்கலசை நடுத்தெருவில் கண்டேன். எங்களுடைய பெடியன்தான், என்னோடு ஒரே வகுப்பில் டெனிஷ் படித்தவன்.

"எப்பிடித் தம்பி?" என்றேன்.

"ஐயோ ஐயா, ஒரே பிசி. நிண்டு கதைக்க நேரமில்லை."

"எங்கை போறாய்?"

"சும்மா, கடைப் பக்கம்."

"என்ன வாங்க?"

"ஒண்டுமில்லை, பாப்பம் எண்டு."

சொல்லிவிட்டு அரை மணித்தியாலம் நின்று, நேரமில்லாத கதையை எனக்கு விபரமாகச் சொன்னான்! சாகிறவன்கூட இவ்வளவு அவசரப்படமாட்டான்.

என்னைப் பார். எனக்கு இல்லாத வேலையா? காலையில் நூல்நிலையம். இரண்டு குடும்பங்களுக்குக் கடிதம் மொழிபெயர்க்க வேண்டும். நகரசபைக் கந்தோரில் எங்கள் ஆட்களுக்காகக் கதைக்க வேண்டும். தமிழர் சங்கத்துக்குத் தலைவர் வேறு. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சமெல்லாம் அகராதியை வைத்து நானாகப் படித்தது. அப்படியிருந்தும் உன் கடிதத்துக்கு மறுநாளே பதில் போடுகிறேன். நீ எட்டு நாள் எடுத்தாய்.

காலை எழும்பியது தொடக்கம் படுக்கும்வரை நீ செய்யும் வேலைகளை மணித்தியாலப்படி எழுதி அனுப்பு. அது நியாயமாக இருந்தால் மட்டும் தபாலில் சொன்னதைப் பற்றி யோசிப்பேன்.

தேவராசா


அல்பர்ட்ஸ்லுண்ட்
5.4.1986

என் பெரியப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, அல்லது பாணும் தேத்தண்ணியுமா? நான் நல்ல சுகம். அதைவிடக் கூட. கலியாணச் சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டு நாளுக்கு மூன்று தரம் திறந்து பார்க்கிறேன். அம்மா சிரிக்கிறா.

அப்பா உங்களுக்குப் பதில் எழுதமாட்டார். எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டார். நீங்கள் கேட்ட மணித்தியாலக் கணக்கை அவரால் எழுத முடியாது, பெரியப்பா. மொழிப் பள்ளிக்கூடம் தை மாதத்தோடு முடிந்துவிட்டது. நாலு இடத்தில் வேலைக்கு எழுதிப்போட்டார். ஒரு இடத்திலும் கூப்பிடவில்லை. காலமை எழும்பி, முகம் கழுவி, ஷேர்ட் போட்டுக்கொண்டு யன்னலடியில் இருப்பார். போன் பக்கத்திலேயே இருக்கிறது. மணி அடித்தால் உடனே எடுக்கமாட்டார். ஆறு தரம் அடிக்க விடுவார். பிறகு எடுத்து, "ஆர்? பொறுங்கோ, ஒரு வேலையா நிண்டனான், ஓடி வாறன்" என்பார். அம்மா குசினிக்குள் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுவா. முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது இல்லை.

நான் எழுதியதைச் சொல்லிவிடாதீர்கள்.

உங்களைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்லுவார். "அண்ணை ஸ்கீவவிலை பெரிய ஆள். நான் சும்மா போய் நிண்டால், நீ இஞ்ச என்ன செய்யிறாய் எண்டு கேப்பார், என்னத்தைச் சொல்லுறது?" அதுதான் தபாலில் போட்டதற்குக் காரணம். வேறு ஒன்றுமில்லை.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் உண்மையிலேயே அவ்வளவு வேலையாக இருக்கிறீர்களா?

நீங்கள் வராமல் நான் மணவறையில் ஏறமாட்டேன். இதை அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "அப்ப கலியாணம் நடந்த மாதிரித்தான்" என்றார்.

உங்கள் பிள்ளை,
விமலராணி


ஸ்கீவ
9.4.1986

என் அன்புப் பிள்ளை விமலராணிக்கு,

நான் சுகம். சோறுதான் சாப்பிடுகிறேன். அம்மாவின் இடுப்புக்குச் சூடு பிடிக்கச் சொல்.

சேலை என்ன நிறம் என்று எழுதவில்லையே! மணவறை யார் கட்டுகிறார்கள்? மூன்று பக்கமும் அடைத்துக் கட்ட வேண்டாம். கலியாணம் பார்க்க வரும் டெனிஷ்காரருக்கு ஒன்றும் கண்ணில் படாது. நகரசபைப் பதிவுக்கு நீங்கள் இருவரும் முன்பு கலியாணம் செய்யாதவர்கள் என்று கையெழுத்துப் போட வேண்டும். நூல்நிலையத்தில் சட்டப் புத்தகம் எடுத்துப் பார்த்து, அந்த இடத்தைத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஐயர் இல்லாவிட்டால் தாலி கட்டும் நேரத்தில் தேவாரம் பாட ஒரு ஆள் வேண்டும். குரல் உள்ள ஆளாக இருக்கட்டும். நாதஸ்வரக் கசற் நல்ல பதிவாகப் பார்த்து எடுங்கள். தாலி கட்டும் நேரத்தில் நாடா சிக்கினால் என் மானம் போகும்.

இதையெல்லாம் எழுதுவதால் நான் வருகிறேன் என்று அர்த்தமில்லை. எனக்கு இன்னும் ஒருவரும் கலியாணம் சொல்லவில்லை.

உன் அப்பாவின் கதையை நீ எழுதினாய் என்று நான் ஒருவரிடமும் சொல்லமாட்டேன்.

நீ என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதலாம் என்றால், தாள் முடிகிறது.

பெரியப்பா


ஸ்கீவ
19.4.1986

பிள்ளை விமலராணி,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை. வாழைக்கன்று கிடைத்துவிட்டது!

ஊருக்கு வெளியே ஒரு டெனிஷ்காரர் கண்ணாடி வீட்டுக்குள் பூமரம் வளர்த்து விற்கிறார். நடந்து போய் எட்டிப் பார்த்தால், மூலையில் சட்டிக்குள் இரண்டு வாழை. முழங்கால் உயரம்தான். "இது குலை போடாது, அழகுக்கு" என்றார். "எங்களுக்கும் அழகுக்குத்தான், மகளுடைய கலியாணம்" என்றேன். அந்த வசனத்தை நான் ஒரு பிழையில்லாமல் டெனிஷில் சொன்னேன். மனிசன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டையும் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நடந்து வந்தேன். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

யூனுக்குள் இன்னும் ஒரு சாண் வளரும். மண்டப வாசலில் பக்கத்துக்கு ஒன்றாக வைக்கலாம். எப்படி அனுப்புவது என்றுதான் தெரியவில்லை. வாழையைத் தபாலில் போட முடியாது. போடவும் கூடாது.

எல்லோரும் சுகமாக இருங்கள்.

பெரியப்பா


அல்பர்ட்ஸ்லுண்ட்
28.4.1986

அன்புள்ள அண்ணை,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம்.

நீங்கள் சொன்னது சரி. சனிக்கிழமை, 26ஆம் திகதி, நானும் யோகம்மாவும் ஸ்கீவவுக்கு வந்தோம். கொப்பனேகனில் பாகிஸ்தான்காரர் கடையில் வெற்றிலை வாங்கி, ஈரச்சீலையில் சுற்றி, தட்டத்தோடு வந்தோம். உங்களுக்கு முன்கூட்டி எழுதவில்லை. எழுதினால் நேரமில்லை என்று பதில் வரும் என்ற பயம்.

ஒரு மணிபோல உங்கள் கதவடிக்கு வந்தோம். கதவில் உங்கள் கையெழுத்தில் கடதாசி ஒட்டியிருந்தது: "வேலை விஷயமாக வெளியே போயிருக்கிறேன்." தட்டிப் பார்த்தேன். பதில் இல்லை. திரும்பி வருவீர்கள் என்று படியில் இருந்தோம். யோகம்மாவுக்கு இருக்கவும் ஏலாது, நிற்கவும் ஏலாது.

போகும்போது கசற்றை நிற்பாட்ட மறந்துவிட்டீர்கள் போல. உள்ளே டெனிஷ் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் 'கொம் இன்னன்ஃபோர்' என்று சொல்லுவான், உள்ளே வாருங்கள் என்று. இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லுவார். பத்துப் பதினைந்து தரம். அந்த இரண்டாவது குரல் உங்களுடையது போலவே இருந்தது. யோகம்மாவும் அப்படித்தான் சொன்னா. இந்தக் காலத்துக் கசற்றுகள் நல்ல திறமாகச் செய்கிறார்கள்.

மூன்று மணி ரயிலைப் பிடித்தோம்.

உங்கள் வேலைகள் நல்லபடி நடக்க வேண்டும்.

தம்பி,
சிவபாலன்


அல்பர்ட்ஸ்லுண்ட்
12.5.1986

பெரியப்பா,

நீங்கள் சுகமா? அப்பாவின் கடிதம் போய் இரண்டு கிழமை, உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மறுநாளே பதில் எழுதுகிற ஆள் நீங்கள். எனக்கு யோசனையாக இருக்கிறது.

அப்பா கோபமாக இருந்தால் பரவாயில்லை. கோபமில்லை. தட்டத்தைக் கழுவி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். இப்போது போன் அடித்தால் ஆறு தரம் இல்லை, இருபது தரம் அடித்தாலும் எடுப்பதில்லை. வேலை இருக்கிறது என்றும் சொல்வதில்லை. நேற்று மகேந்திரராசா வீட்டுக்கு வந்திருந்தார். அவரிடம் அப்பா கேட்டார்: "தம்பி, கலியாணத்தை மார்கழி கழிய வைப்பமே? அண்ணைக்கு இப்ப நேரமில்லைப் போல."

மகேந்திரராசா, இக்காஸ்டுக்குத் திரும்பிப் போக ஸ்டேசனுக்கு நடக்கும்போது என்னிடம், "உங்கடை பெரியப்பாவுக்கு என்னைப் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள். தாள் முடிகிறது என்று மட்டும் எழுத வேண்டாம்.

விமலராணி


ஸ்கீவ
15.5.1986

தம்பி சிவபாலன்,

யோகம்மாவின் இடுப்பு எப்படி? அந்தப் படியில் இரண்டு மணித்தியாலம் இருந்தது அதற்குக் கூடாது. அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

நான் உள்ளேதான் இருந்தேன்.

அந்தக் குரல் என்னுடையது. நீ மூன்று தரம் தட்டியதும் கேட்டது. கடதாசி ஒட்டியிருந்தால் திறப்பதில்லை என்பது நானே எனக்குப் போட்ட சட்டம். ஏன் ஒட்டுகிறேன் என்று கேட்பாய். என்னிடம் ஒருவரும் வருவதில்லை. கடதாசி இருந்தால், ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால், வரவேயில்லை என்றுதான் நினைக்க வேண்டும். அன்றைக்குத் தட்டியது நிக்கலசாக்கும், நான் பெரிய வேலையில் இருப்பதாகப் போய்ச் சொல்லட்டும் என்று, இன்னும் கொஞ்சம் உரத்துப் படித்தேன். வெளியில் நின்றது என் தம்பி.

சங்கத்தில் பதினொரு பேர் இருந்தோம். எட்டுப் பேர் வேலை தேடி இக்காஸ்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் மூன்று பேருக்கு ஒரு தலைவர். மொழிபெயர்த்துக் கொடுத்த இரண்டு குடும்பத்தின் பிள்ளைகளும் என்னைவிட நல்ல டெனிஷ் கதைக்கிறார்கள். நீ வரட்டோ என்று கேட்ட மூன்று தரமும் என் வீட்டில் ஒரே ஒரு கதிரை. வந்தால் உங்களை எங்கே இருத்துவது என்று யோசித்தேன். நேரமில்லை என்று எழுதுவது சுலபமாக இருந்தது.

இதையெல்லாம் எழுதிவிட்டதால் நீ செய்தது சரியென்று ஆகாது. தபாலில் சொன்னது பிழை. அதிலிருந்து நான் ஒரு அடியும் பின்வாங்கமாட்டேன். நீ வீடு தேடி வந்தாய். பாதிப் பிழை தீர்ந்தது. வாயால் சொல்லவில்லை, மற்றப் பாதி அப்படியே நிற்கிறது. கதவைத் திறக்காதது என்னுடைய பிழை. அதில் பாதிக் கணக்கு இல்லை, முழுவதும் என்னுடையது.

மார்கழி கழிய வைக்கிற கதையை இனி எடுக்காதே. யூன் 7 என்றால் யூன் 7. எனக்கு இப்போது நித்திரையே வருவதில்லை. நாளை விடிந்தால் கலியாணம் என்பது போல இருக்கிறது. எல்லாம் யோசித்து, ரயில் புத்தகத்தையும் பார்த்துவிட்டேன். கோர்சோருக்கும் நியூபோர்க்குக்கும் நடுவில் கடல். ரயிலைக் கப்பலுக்குள் ஏற்றிக் கொண்டுபோக ஒரு மணித்தியாலம் எடுக்கிறது. அது உன் வீடும் இல்லை, என் வீடும் இல்லை. கதவு இல்லை, போன் இல்லை. நடுக்கடலில் நிற்கிறவன் எவனும் வேலையிருக்கிறது என்று சொல்ல முடியாது.

ஆகவே செய்ய வேண்டியவை.

வருகிற 24ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ரயிலில் புறப்பட்டுக் கடல் தாண்டி நியூபோர்க்கில் இறங்க வேண்டியது நீயும் யோகம்மாவும். அங்கே ஸ்டேசன் மேடையில் இரண்டு வாழைச் சட்டிகளோடு நிற்க வேண்டியது நான். பாரமானதைத் தூக்க வேண்டியது நீ. திரும்பும் கப்பலில் யோகம்மாவுக்கு யன்னலோரம் நல்ல இருக்கை பிடித்துக் கொடுக்க வேண்டியது நான். இதில் நீ தலையிடாதே.

புது வெற்றிலை வாங்கித் தட்டத்தில் அடுக்கித் தந்துவிட வேண்டியது விமலராணி. தன்னைப் பெரியப்பாவுக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அறிந்து, மணவறைக்கான பலகையை இப்போதே அறுக்கத் தொடங்க வேண்டியது மாப்பிள்ளை. என் பெட்டிக்கும் எனக்கும் உங்கள் வீட்டில் இடம் பார்க்க வேண்டியது யோகம்மா. கலியாணம் முடியும்வரை நான் அங்கேதான். எனக்கு எழுதிய பிள்ளையை ஏசாமல் இருக்க வேண்டியது நீ.

கப்பல் கரையை விட்டதும் தட்டத்தை எடுத்து, கலியாணத்தை வாயால் சொல்ல வேண்டியது நீங்கள் இருவரும். நீங்கள் சொல்லி முடிக்குமட்டும் ஒரு சொல்லும் பேசாமல் நின்று கேட்க வேண்டியது நான்.

அண்ணன்,
தேவராசா